பெர்லினா, லண்டனா? எம்.ஜே. கோபாலனின் கதை

போன மாசம் நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சண்டை. சாம்பார் ஆறி, சோறு காய்ஞ்சு போகிற அளவுக்கு நீளமான சண்டை. ஜோனல் போட்டிக்குக் கிளம்ப வேண்டிய கூடைப்பந்து அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி. அந்த இடத்துக்கு முதலாம் ஆண்டுப் பையன் ஒருத்தன் பேர் அடிபட்டது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். ஆறடி மூணு அங்குலம் உயரம், பந்தை ஒத்தைக் கையால் கவ்விப் பிடிக்கிற விரல்கள், எம்பினா வளையம் கைக்கு எட்டுது. ஆனா பள்ளிக்கூடத்தில் ஆடினது வாலிபால் மட்டும்தான். பந்தைத் தட்டிக்கிட்டே ஓடச் சொன்னா நாலு அடி ஓடுவான், அஞ்சாவது அடியில் பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

உயரத்தை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது, ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்துரலாம், அதனால அவனை எடுத்தே ஆகணும்னு ஒரு கூட்டம். நம்ம அணியில் உயரமான ஆளுக்கா பஞ்சம், ரெண்டு பேர் ஏற்கெனவே நிக்காங்க, பந்தை மேலே கொண்டுபோக ஆள் இல்லாமத்தானே போன வருஷம் தோத்தோம், இவனையும் எடுத்து பெஞ்சில் உட்கார வெச்சு என்ன பண்ணப் போறோம்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது. மெஸ் அண்ணன் விளக்கை அணைக்கிற வரைக்கும் முடிவு வரலை.

என்.பி.ஏ. பார்க்கிறவர்களுக்கு இது பழகின சண்டைதான். அங்கே ஒவ்வொரு வருஷமும் டிராஃப்ட் நடக்கும்போது இதே கேள்வி வரும்: இருப்பவர்களில் பெரிய திறமைசாலியை எடுப்பதா, அணியில் எந்த இடம் காலியோ அதற்கேற்ற ஆளை எடுப்பதா? முதல் கூட்டத்து ஆட்கள் உடனே 1984-ஐ எடுத்து மேசையில் போட்டார்கள். அந்த வருஷம் இரண்டாவது தேர்வு போர்ட்லாந்து அணிக்கு. அவர்களிடம் கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார், அதனால் அதே மாதிரி இன்னொரு ஆள் எதற்கு என்று நினைத்தார்கள். நடுவில் நிற்க உயரமான ஆள் தேவைப்பட்டதால் சாம் பூவியை எடுத்தார்கள். மூன்றாவது தேர்வில் சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டானை. பூவிக்குக் காலில் காயத்துக்கு மேல் காயம். ஜோர்டானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தக் கதையைச் சொன்னதும் எதிர்க்கூட்டம் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது அதற்கு நேர் எதிரான ஒரு கதை. அதுவும் அமெரிக்கக் கதை இல்லை, நம்ம தமிழ்நாட்டுக் கதை. மெஸ்ஸில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம்ம திருநெல்வேலிக்காரர்களுக்கு கிரிக்கெட் என்றால் சங்கர் நகர். தாழையூத்து சிமென்ட் கம்பெனி மைதானத்தில் டி.என்.பி.எல். மேட்ச் நடக்கிற நாளில் வண்ணார்பேட்டை வரைக்கும் பேச்சு அதுதான். 2023 இறுதி ஆட்டமே அங்கேதான் நடந்தது, நம்ம நெல்லை ராயல் கிங்ஸ் அதில் கோவையிடம் தோற்றதை மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறோம். அந்தப் போட்டியிலும் 2016-ல் தொடங்கியபோது வீரர்களை டிராஃப்ட் முறையில்தான் பிரித்தார்கள், 2023-ல்தான் ஏலம் வந்தது. ஹாக்கி என்றால் கோவில்பட்டி. பழைய திருநெல்வேலி ஜில்லாவில் அந்த ஊர்ப் பையன்கள் நடக்கப் பழகும்போதே ஹாக்கி மட்டையோடுதான் பழகுவார்கள் என்று பெரியவர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. சங்கர் நகர், கோவில்பட்டி இரண்டு ஊர் மைதானத்திலும் இறங்கி, இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடுகிற தரத்தில் ஒரே ஆள் இருக்க முடியுமா? இருந்தார். பெயர் எம்.ஜே. கோபாலன். மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன்.

1909 ஜூன் 6-ம் தேதி, செங்கல்பட்டு ஜில்லாவில் மொரப்பாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தார். பெயரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளர்ந்தது சென்னை திருவல்லிக்கேணியில். இந்த இடமாற்றத்தைச் சாதாரணமாகக் கடந்துபோய்விட வேண்டாம். சேப்பாக்கம் மைதானம் திருவல்லிக்கேணிக்கு நடக்கிற தூரம். பார்த்தசாரதி கோயில் தெருக்களில் பந்து போடுகிற பையன், வெள்ளைக்காரர்கள் ஆடுகிற மைதானத்தின் வேலி ஓரத்தில் போய் நிற்க முடியும். அங்கே நிற்கிற பையன் யாராவது ஒருவர் கண்ணில் படவும் முடியும். மொரப்பாக்கத்திலேயே இருந்திருந்தால் அவர் பந்து வீசியதை ஊர் மாடுகள்தான் பார்த்திருக்கும். பாபநாசத்திலும் சேரன்மகாதேவியிலும் இன்றைக்குப் பந்து போடுகிற பையனுக்கு சேப்பாக்கம் 600 கிலோமீட்டருக்கும் மேலே. அம்பாசமுத்திரத்துப் பையனைப் பற்றிப் பேசும்போது இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கோபாலனைப் பார்த்தவர் சி.பி. ஜான்ஸ்டன். கென்ட் கவுண்டிக்கு ஆடிவிட்டு சென்னைக்கு வந்த ஆங்கிலேயர், இடது கை மட்டையாளர், சென்னை கிரிக்கெட்டைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர். அந்தக் காலத்தில் சென்னையின் பெரிய ஆட்டம் பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் நடக்கும் பிரசிடென்சி மேட்ச். ஒரு பக்கம் ஐரோப்பியர், மறு பக்கம் இந்தியர். ஜான்ஸ்டன் ஐரோப்பிய அணிக்காரர். அதாவது அவர் கண்டெடுத்த பையன் நன்றாக வளர்ந்தால், அடுத்த பொங்கலுக்கு அவன் எறிகிற பந்தைத் தானே நின்று ஆட வேண்டியிருக்கும். அது தெரிந்தேதான் எடுத்தார். இன்றைக்கு எந்த டிராஃப்ட் மேசையிலாவது இப்படி ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரா என்று தெரியவில்லை!

கோபாலன் அப்போது பச்சைப் பிள்ளை மாதிரிதான். வேகம் இருந்தது, உடம்பில் வலு இருந்தது, ஓடி வந்து வீசுகிற ஆசை இருந்தது. முறையான பயிற்சி கிடையாது. ஜான்ஸ்டன் செய்தது ரெண்டு வேலை. திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் சேர்த்துவிட்டார். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் இந்திய கிரிக்கெட்டில் நிறைய பேருக்கு சோறு போட்டது ராஜாக்கள்தான். பட்டியாலாவுக்கோ விஜயநகரத்துக்கோ போய் அரண்மனையில் கைகட்டி நிற்க வேண்டும், ராஜாவுக்குக் கோபம் வந்தால் அன்றைக்கே அணியும் போச்சு, சாப்பாடும் போச்சு. மாசச் சம்பளம் வருகிற கம்பெனி வேலை என்பது அதிலிருந்து தப்பிக்கும் வழி. காலையில் பயிற்சி, பகலில் ஆபீஸ், வாரக் கடைசியில் லீக் ஆட்டம். கையில் வேகம் மட்டும் வைத்திருந்த பையன் பந்துவீச்சாளராக மாறியது இந்த மூன்றுக்கும் நடுவில்தான்.

இந்தக் கம்பெனி வழி பின்னாளில் தமிழ்நாட்டு கிரிக்கெட்டின் முதுகெலும்பாகவே ஆனது. நம்ம சங்கர் நகர் ஆலையை நடத்திய இந்தியா சிமென்ட்ஸ் எத்தனை வீரர்களைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தது என்று உங்களுக்கே தெரியும். தோனியையே துணைத் தலைவர் ஆக்கினார்கள். அவர் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டார் என்று யாரும் கேட்கக் கூடாது.

1920-களின் பின்பாதியில் இருந்தே கோபாலன் சேப்பாக்கத்தில் இந்தியர் அணிக்குப் பந்து வீசத் தொடங்கிவிட்டார். மிதவேகத்தைத் தாண்டிய வேகம், புதுப் பந்தை நகர்த்துகிற கை, பின்வரிசையில் இறங்கி நாலு ரன் சேர்க்கிற தெம்பு, நல்ல ஃபீல்டிங். 1933-34-ல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அதுதான். கல்கத்தா ஈடன் கார்டனில் 1934 ஜனவரியில் நடந்த இரண்டாவது டெஸ்ட்டில் சி.கே. நாயுடுவின் அணியில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் 11 ரன் ஆட்டமிழக்காமல், இரண்டாவதில் 7. ஒரு விக்கெட், மூன்று கேட்ச். ஆட்டம் டிரா. மோசம் என்று சொல்ல முடியாது, ஆகா என்றும் சொல்ல முடியாது. மூன்றாவது டெஸ்ட் அவருடைய சொந்த மைதானமான சேப்பாக்கத்திலேயே நடந்தது. அதில் அவர் இல்லை.

அதே 1934-ல் நவம்பர் 4-ம் தேதி, ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில். சென்னைக்கும் மைசூருக்கும். ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். குவிஸ் போட்டிகளில் இந்தக் கேள்வி வருமே, அந்த ஆள் இவர்தான். மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. அன்றைக்கு 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம்சிங். அந்த ராம்சிங் கடைசி வரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். திறமை வேறு, அணியில் இடம் வேறு என்பதற்கு அந்த ஒரு ஸ்கோர் கார்டே போதும்.

இப்போது ஹாக்கிக்கு வருவோம். கோபாலனின் ஹாக்கி ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். சென்டர் ஹாஃப் இடத்தில் ஆடினார். கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பின்னால் காவலும் காக்கணும், முன்னால் ஆட்டத்தையும் ஓட்டணும், அந்த இடம். 1935-ல் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன இந்திய அணியில் அவர் இருந்தார். கேப்டன் தியான் சந்த். அந்தச் சுற்றுப்பயணத்தில் மொத்தம் 48 ஆட்டம், 48-லும் வெற்றி, 500-க்கும் மேல் கோல். டான் பிராட்மேன் தியான் சந்தைச் சந்தித்தது அந்தப் பயணத்தில்தான். அப்படிப்பட்ட அணியில் இடம்பிடித்து, மாசக்கணக்கில் அவர்களோடு ஆடிவிட்டு ஊர் திரும்பிய ஆளுக்கு, அடுத்த வருஷம் வரப்போகிற பெர்லின் ஒலிம்பிக்கில் இடம் ஏறக்குறைய உறுதி என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

1936 பிறந்தது. கோபாலனுக்கு வயது 26. ஒரே கோடைக்கு இரண்டு அழைப்பு. ஒன்று, பெர்லினுக்குப் போகும் ஹாக்கி அணிக்கான தேர்வு ஆட்டங்கள். இன்னொன்று, இங்கிலாந்து போகும் இந்திய கிரிக்கெட் அணியில் இடம். நம்ம கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரே நாளில் ரெண்டு ஆஃபர் லெட்டர் வந்து, ரெண்டும் ஒரே தேதியில் சேரச் சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அன்றைக்கு அவர் இருந்த இடத்தில் நின்று பார்க்கணும். ஹாக்கியில் இந்தியா 1928-லும் 1932-லும் தங்கம் வாங்கிவிட்டது. மூன்றாவதும் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் அங்கே அவர் கையில் இருந்தது தேர்வு ஆட்டத்துக்கான அழைப்பு. கிரிக்கெட்டில் கையில் இருந்தது இடமே. அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, பெயர் வாங்கிக் கொடுத்தது எல்லாம் கிரிக்கெட். லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா அதுவரை ஒரே ஒரு டெஸ்ட்தான் ஆடியிருந்தது. இங்கிலாந்தின் ஈரக் காற்றில் பந்து நகரும், வேகப்பந்து வீச்சாளருக்கு அது சொர்க்கம். கல்கத்தாவில் ஒரே டெஸ்ட்டோடு நின்றுபோன கணக்கை அங்கே போய்த் தீர்க்கலாம். இத்தனையும் சேர்த்து எடை போட்டால் நானும் கப்பலில்தான் ஏறியிருப்பேன். கோபாலனும் லண்டனைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் அந்தக் கிரிக்கெட் அணிக்கு அவர் தேவைப்பட்டாரா?

அணியைப் பாருங்கள். புதுப் பந்துக்கு முகமது நிசார், அந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமானவர்களில் ஒருவர். அவரோடு இணைந்து வீச அமர் சிங். அவர் ஏற்கெனவே இங்கிலாந்தில்தான் இருந்தார், லங்காஷையர் லீக்கில் கோல்ன் கிளப்புக்காகச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார், டெஸ்ட்டுக்கு மட்டும் வந்து சேர்வதாக ஏற்பாடு. மூன்றாவதாக ஜஹாங்கீர் கான், அவர் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் லார்ட்ஸில் பல்கலைக்கழகத்துக்காக அவர் வீசிய பந்தில் அடிபட்டுச் செத்த சிட்டுக்குருவியை அங்கே அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் போனால் பார்க்கலாம். இவர்கள் போதாதென்று லாலா அமர்நாத் வீசுவார், சி.கே. நாயுடு வீசுவார், பாகா ஜிலானி வேறு. கப்பல் ஏறும்போதே கோபாலனுக்கு முன்னால் வரிசையில் ஐந்தாறு பேர். அதில் இரண்டு பேர் கப்பலிலேயே இல்லை, கரையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அணியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. மூன்று டெஸ்ட்டிலும் நிசார், அமர் சிங், ஜஹாங்கீர் கான் மூவருமே ஆடினார்கள். லார்ட்ஸில் அமர் சிங் 35 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அப்படி வீசுகிற ஆளை உட்கார வைத்துவிட்டு யார் கோபாலனுக்கு இடம் தருவார்கள்?

இன்னொரு இடமும் அடைபட்டுக் கிடந்தது. அது கேப்டன் இடம். விஜயநகரத்து மகாராஜ்குமார், எல்லோரும் விஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். பணமும் செல்வாக்கும் வைத்துக் கேப்டன் ஆனவர். மூன்று டெஸ்ட்டில் ஆறு இன்னிங்ஸ் ஆடி அவர் எடுத்தது மொத்தம் 33 ரன். அந்தப் பயணத்தின்போதே அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது. 11 பேர் அணியில் உண்மையில் 10 பேருக்குத்தான் இடம் என்றால் வெளியே உட்காருகிறவன் பாடு இன்னும் கஷ்டம்தானே. முதல் டெஸ்ட்டுக்கு முன்பே விஸ்ஸிக்கும் அமர்நாத்துக்கும் முட்டிக்கொண்டு, அமர்நாத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மட்டையும் பிடித்துப் பந்தும் வீசுகிற ஆள் போய்விட்டார். இப்போதாவது கோபாலனுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

கதவு திறந்தது சென்னையின் இன்னொரு ஆளுக்கு. கோட்டா ராமசாமி, சென்னை கிரிக்கெட்டின் பிதாமகர் புச்சிபாபுவின் மகன். 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். மான்செஸ்டரில் முதல் டெஸ்ட்டில் இறங்கியபோது அவருக்கு வயது 40. எடுத்தது 40-ம் 60-ம். நம்ம மெஸ் சண்டைக்கு இது நல்ல தீனி. அணிக்கு நடுவரிசையில் நிதானமான ஒரு மட்டை தேவைப்பட்டது, நாற்பது வயது டென்னிஸ்காரர் அதற்குச் சரியாகப் பொருந்தினார். அவரைவிட 13 வயது இளைய வேகப்பந்து வீச்சாளர் பொருந்தவில்லை. இரண்டு பேருமே இரண்டு விளையாட்டில் இந்தியாவுக்கு ஆடியவர்கள், இரண்டு பேருமே சென்னை. வித்தியாசம், ஒருத்தருக்கான இடம் அணியில் காலியாக இருந்தது, இன்னொருத்தருக்கானது இல்லை. அவ்வளவுதான்.

இனி ஆகஸ்ட். பெர்லினில் தியான் சந்தின் அணியும் சிரமம் இல்லாமல் போய்விடவில்லை. கிளம்பும் முன் டெல்லி அணியிடம் 4-1 என்று தோற்றார்கள். ஜெர்மனியில் இறங்கியதும் பயிற்சி ஆட்டத்தில் அந்த நாட்டு அணியிடமும் அதே 4-1. பயந்துபோய் இந்தியாவிலிருந்து தாராவை விமானத்தில் வரவழைத்தார்கள். அரையிறுதியில் பிரான்ஸுக்கு 10 கோல். இறுதி ஆட்டம் 14-ம் தேதி நடக்க வேண்டியது, மழை கொட்டி மைதானம் குளமாகிவிட்டது. (அதே 14-ம் தேதி, அதே மழையில், ஒலிம்பிக் வரலாற்றின் முதல் கூடைப்பந்து இறுதி ஆட்டம் வெட்டவெளியில் மண் தரையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. நம்ம கோர்ட்டில் மழைத்தண்ணி நிக்குதுன்னு புலம்புறவங்க இதை நினைச்சுக்கோங்க.) ஹாக்கி இறுதி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. 1936 ஆகஸ்ட் 15. இந்தியா 8, ஜெர்மனி 1. மூன்றாவது தங்கம்.

அதே ஆகஸ்ட் 15 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அந்த ஆட்டத்தில் பாகா ஜிலானிக்கு முதல் முறையாக இடம் கிடைத்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் சி.கே. நாயுடுவை அவமானப்படுத்தியதற்கு விஸ்ஸி கொடுத்த பரிசு அது என்று ஒரு கதை இன்றுவரை உலவுகிறது. கோபாலன் பெயர் 11-ல் இல்லை. ஹாமண்ட் 217 அடித்தார், நிசார் 5 விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து 9 விக்கெட்டில் ஜெயித்தது. மே முதல் செப்டம்பர் வரை நடந்த அந்தப் பயணத்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. அடுத்த ஒலிம்பிக் 1940-ல். போர் வந்து அதையும் விழுங்கியது. 1946-ல் இந்தியா மறுபடி இங்கிலாந்து போனபோது அவருக்கு வயது 36.

தப்பான பக்கம் போய்விட்டார் பாவம் என்றுதான் இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் முடிப்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது கப்பலில் ஏறுகிறவன் வேலை மட்டும் இல்லை. டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவன் வேலை. அணிக்கு அவர் ஒரு உபரி ஆள், ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி, அணிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டம் முழுக்க அவருடையது, அதுவும் ஒரு ஒலிம்பிக் தங்கத்தின் எடையில். ஜான்ஸ்டன் அவரை எடுத்தபோது அவர் ஒன்றுமே தெரியாத பையன், ஆனால் எடுத்தவரிடம் கிளப் இருந்தது, வேலை இருந்தது, வாரா வாரம் ஆட்டம் இருந்தது. 1936-ல் எடுத்தபோது அவர் தேர்ந்த வீரர், எடுத்தவர்களிடம் அவருக்காக எதுவுமே இல்லை.

போர்ட்லாந்து கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தேவையைப் பார்த்து எடு என்பதும் திறமையைப் பார்த்து எடு என்பதும் இரண்டுமே அரைகுறையாகத்தான் தெரிகிறது. போர்ட்லாந்து இருக்கிற அணியை மட்டும் பார்த்தது. விஸ்ஸியின் அணி அதைக்கூடப் பார்க்கவில்லை. எடுத்த பிறகு அந்த ஆளுக்கு நாளைக் காலையில் என்ன வேலை என்று கேட்டிருந்தாலே போதும். மெஸ் சண்டையில் நான் கடைசியாகச் சொன்னதும் இதைத்தான், கோபாலனை இழுக்காமல். கடைசியில் அந்த அம்பாசமுத்திரத்துப் பையனை 12-வது ஆளாக எடுத்தோம். நிபந்தனையோடு. தினமும் காலை ஆறு மணிக்கு மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருத்தர் அவனோடு அரை மணி நேரம் பந்து தட்டணும், ஜோனலில் ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டாவது கால்பகுதியில் மூணு நிமிஷமாவது இறக்கணும். பி.டி. சார் நோட்டில் எழுதி எல்லாரையும் கையெழுத்துப் போட வெச்சுட்டார். அண்ணனுக்குத்தான் தூக்கம் போச்சு.

கோபாலன் கசந்துபோய் ஒதுங்கிவிடவில்லை. இங்கிலாந்திலிருந்து திரும்பி சென்னைக்காக வருஷக்கணக்கில் பந்து வீசினார். 1950-களின் தொடக்கம் வரை முதல்தர ஆட்டங்களில் அவர் பெயர் இருக்கிறது. பிறகு மேசையின் மறுபக்கம் போனார், இந்திய அணித் தேர்வாளர் ஆனார். தனக்கு நடந்ததை நினைத்துக்கொண்டே மற்றவர்கள் பெயரை எழுதுகிற வேலை அது.

அந்த 1950-களிலேயே அவர் பெயரில் ஒரு கோப்பை வந்தது. சென்னைக்கும் இலங்கைக்கும் நடுவில் எம்.ஜே. கோபாலன் கோப்பை. டெஸ்ட் தகுதி கிடைக்க இலங்கை 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அங்கே வளர்ந்துவந்த இளம் வீரர்கள் வெளிநாட்டு அணியோடு மோதித் தங்களைப் பார்த்துக்கொள்ள வருஷா வருஷம் கிடைத்த ஆட்டங்களில் இது ஒன்று. இரண்டு கரையிலும் எத்தனையோ பேருக்கு முதல் பெரிய ஆட்டம் கோபாலன் பெயர் போட்ட கோப்பைக்காகத்தான்.

2003 டிசம்பர் 21-ம் தேதி சென்னையில், 94-வது வயதில் காலமானார். அப்போது உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களில் உலகத்திலேயே மூத்தவர் அவர்தான். கணக்கில் இருப்பது ஒரு டெஸ்ட், 18 ரன், ஒரு விக்கெட், மூன்று கேட்ச்.